அப்பா ஏன் விண்டோஸை விட மாட்டேன் என்கிறார்?

கேள்வி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து வந்தது. கேட்டவரின் அப்பாவுக்கு 66 வயது. 2016இல் வாங்கிய லேப்டாப், அதில் விண்டோஸ் 10. அதற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 அந்த மெஷினில் முறைப்படி ஏறாது. மகன், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். ஆப்பிளின் மேக் கணினி வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்பா அசைவதாக இல்லை. "மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கைப்பேசியை மாற்றுகிற மனிதர், கணினி என்று வந்தால் மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறார்? எல்லாருமே இப்படித்தானா?"

எல்லாருமே இப்படித்தான். இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் கணினிகளைத் திறந்து மூடிச் சம்பாதித்தவன் நான். என் வீட்டுப் பழைய கணினியை மாற்றுவதை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். ஆகவே இந்தப் பதிலை அப்பாவின் பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லப்போகிறேன்.

கைப்பேசிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அப்பா மாற்றியது கருவியை. ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கோ, ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ போனாரா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக இருக்காது. கடையில் இருக்கும் பையன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறான். ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் எண்கள், படங்கள், வாட்ஸ்அப் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. பேரப்பிள்ளையின் படம்கூட அதே திரையில் அதே இடத்தில் சிரிக்கிறது. அது சட்டை மாற்றுவது மாதிரி. நீங்கள் அவரைக் கேட்பது வீடு மாறச் சொல்லி. கைப்பேசியிலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவச் சொன்னால் இதே அடத்தைத்தான் பிடிப்பார். நீங்கள் கடைசியாக எப்போது தாவினீர்கள்?

இன்னொன்று. அப்பா விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார், இப்போது அதை விட மறுக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. 1990களின் கடைசியில் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் கணினி பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெருக்கி நெருக்கி அச்சடித்த விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் மாடிக்கு மாடி ஏறி இறங்குவார்கள். எந்த மதர்போர்டு, எத்தனை எம்பி ரேம், எந்த மானிட்டர் என்று ஐந்து வெள்ளிக்குக்கூடப் பேரம் நடக்கும். எந்த இயங்குதளம் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. விண்டோஸ் 98 ஏறும், கணினி போகும். இன்றைக்கும் பெட்டியைப் பிரித்தால் அது உள்ளே இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட இயங்குதளம் ஒன்றை நிறுவிப் பார்த்திராதவர்கள்தான் பெரும்பாலோர். வாங்கிய காரில் இருக்கும் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் போடலாமே என்றால் ஓட்டுகிறவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்பா உங்களை அப்படித்தான் பார்த்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தத் தயக்கத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று எனக்குப் புரியவைத்தவர் செங்காங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்.

2020 ஜனவரி 14ஆம் தேதி விண்டோஸ் 7க்கு ஆதரவு நின்றது. அவரிடம் இருந்தது விண்டோஸ் 7 போட்ட மேசைக்கணினி. "என்ன தம்பி செய்யலாம்?" என்று கேட்டார். எனக்கோ அப்போது லினக்ஸ் மீது ஒரே மோகம். "சார், இரண்டே மணி நேரம். புதுசு மாதிரி ஓடும். செலவும் இல்லை" என்று வாய்ச்சவடால் அடித்துவிட்டு ஒரு சனிக்கிழமை போய் லினக்ஸ் மின்ட் போட்டேன். நல்ல வேளையாக ஒரு காரியம் செய்திருந்தேன்: பழைய ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் போட்டேன். அவருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தேன். கணினி பறந்தது. "அட, வேகமா இருக்கே!" என்றார். அவர் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து வந்தேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி. "தம்பி, எழுத்தெல்லாம் போச்சு."

போய்ப் பார்த்தேன். 1998லிருந்து அவர் தட்டி வைத்த வினாத்தாள்கள், பயிற்சித் தாள்கள், நூற்றுக்கு மேல் மரபுக் கவிதைகள். திறந்தால் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்தக் காலத்து பாமினி மாதிரி எழுத்துருக்களில் கணினி சேமித்து வைத்தது ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது எழுத்துரு. போர்வை போனால் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. நான் நகலெடுத்தது கோப்புகளை மட்டும். எழுத்துருக்கள் கிடந்ததோ விண்டோஸின் சொந்த ஃபோல்டருக்குள். அவற்றை எடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு எப்படித் தோன்றும்? திறந்தால் தமிழ் தெரியும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பாமினியை எங்கே வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். ஆனால் பாதிக் கோப்புகள் பாமினியில் இல்லை. யாரோ ஒரு நண்பர் ஃப்ளாப்பியில் கொடுத்த, பெயரே மறந்துபோன ஏதோ ஓர் எழுத்துருவில் இருந்தன.

அடுத்தது விசைப்பலகை. நான் தமிழைத் தட்டுவது ஒலிபெயர்ப்பு முறையில். அம்மா என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் தமிழில் வரும். அதையே அவருக்கும் வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் 1970களில் ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல். கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவர். லினக்ஸில் பழைய தட்டச்சுப் பொறி அமைப்பும் இருக்கிறது, தமிழ்99 என்ற அமைப்பும் இருக்கிறது, ஒலிபெயர்ப்பும் இருக்கிறது. எனக்குக் கேட்கத் தோன்றியிருந்தால் இரண்டு சொடுக்கில் வைத்திருப்பேன். மூன்று நாளாக அந்த மனிதர் ஒற்றை விரலால் 'க' எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கத்தில் சொல்லவும் இல்லை. ஸ்கேனரோடு சேர்ந்த பிரிண்டர் விஷயம் தனி. அச்செடுத்தது, ஸ்கேன் செய்ய மறுத்தது.

பழைய டிஸ்கைத் திரும்பப் பூட்டினேன். விண்டோஸ் 7 வந்தது, தமிழும் வந்தது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் மன்னிப்புக் கேட்டதற்கு அவர் வீட்டின் இரும்புக் கதவைக் காட்டினார். அரசாங்க அடுக்குமாடி வீடுகளான வீவக வீடுகளில் இருக்குமே, அந்தப் புகலிட அறை. போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது, நாமெல்லாம் சாமான் போட்டு வைக்கிறோம். "வீடு மாறுறப்ப லாரிக்காரன் 'எவ்வளவு சாமான் இருக்கு'ன்னு கேட்டா, ஹாலைப் பாத்துட்டுச் சொல்லிடுவோம் தம்பி. அந்தக் கதவைத் திறந்து காட்ட மாட்டோம்" என்றார்.

அன்றிலிருந்து யாராவது மாறத் தயங்கினால் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வரும். புதியதில் இருப்பதைக் கண்டு அவர்கள் பயப்படுவதில்லை. பழையதில் என்னென்ன சேர்ந்து கிடக்கிறது என்று அவர்களாலேயே பட்டியல் போட முடியாது, பட்டியல் போட முடியாத எதையும் பத்திரமாக எடுத்துப்போகவும் முடியாது. பத்து வருடம் ஒரே கணினியில் இருந்தவரின் புகலிட அறையைத் திறந்து பாருங்கள். உலாவி நினைவில் வைத்திருக்கும் நாற்பது கடவுச்சொற்கள் இருக்கும், அவருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அவுட்லுக்கின் பழைய மின்னஞ்சல் எல்லாம் ஒரே ஒரு பெரிய கோப்பாக எங்கோ கிடக்கும். திரையில் மஞ்சள் நிறத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கி நோட்ஸில் காப்புறுதி எண், பேரனின் வைஃபை பாஸ்வர்ட், ஊரில் இருக்கும் தங்கையின் வங்கிக் கணக்கு. அவர் கண்ணுக்கு அது திரையில் இருக்கிறது. கணினிக்குள்ளோ அது மறைவான ஃபோல்டர் ஒன்றின் அடியாழத்தில் இருக்கிறது. டெஸ்க்டாப்பை மட்டும் நகலெடுத்தால் அது வராது. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்" என்று பிள்ளைகள் சொல்லும்போது அப்பாக்கள் நம்பாமல் பார்ப்பது அனுபவத்தால்தான்.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு இந்த அனுபவம் ஒரு பங்கு கூடுதல். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. இணையத்தில் தமிழ் எழுத்து ஏறிய ஆரம்ப நாள்களில் இங்கே எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்கேதான் நடந்தது. 2000இல் தமிழ்க் கணினி வளர்ச்சிக்கான உத்தமம் அமைப்பு பிறந்ததும் இங்கே நடந்த மாநாட்டில்தான். அத்தனை கூட்டங்களிலும் பெரிய தலைவலியாக இருந்தது, ஒருவர் தட்டியது இன்னொருவர் கணினியில் தெரியாததுதான். ஆளுக்கொரு குறியேற்றம், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை. யூனிகோடில் தமிழுக்கு இடம் 1991லேயே கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸே அதை நேராகப் புரிந்துகொள்ள விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் டாஸிலிருந்து விண்டோஸுக்கு, 95இலிருந்து எக்ஸ்பிக்கு என்று ஒவ்வொரு தடவை மாறியபோதும் ஏதாவது ஓர் எழுத்து உடைந்தது. அந்தத் தலைமுறைக்கு 'புதிய இயங்குதளம்' என்ற சொல்லைக் கேட்டாலே கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிற திரைதான் கண்ணுக்குள் வரும்.

தமிழ்99 கதையும் இதே கதைதான். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு அது. உயிர் இடது கையில், மெய் வலது கையில், பல இடங்களில் புள்ளி தானாக விழும். விரலுக்கு வேலை குறைவு என்பதில் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஏற்கெனவே தட்டச்சு பழகியவர்களில் எத்தனை பேர் மாறினார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவரும் மாறவில்லை. நானும் ஒரு வாரம் முயன்றுவிட்டு ஒலிபெயர்ப்புக்கே ஓடி வந்துவிட்டேன். ஒரு மாதம் பழகினால் அதன் பிறகு ஆயுசுக்கும் லாபம் என்று தெரியும். அந்த ஒரு மாதம் யாரிடம் இருக்கிறது? நாளைக் காலைக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும்.

விரல் பழக்கத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். என் மச்சான் மேக்குக்கு மாறிய முதல் வாரத்தில் அவர் மெஷின் மூச்சுத் திணறுகிறது என்றார். போய்ப் பார்த்தால் கீழே பதினேழு நிரல்கள் திறந்தபடி கிடந்தன. விண்டோஸில் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் நிரல் மூடும். மேக்கில் சிவப்புப் பொட்டை அழுத்தினால் பெரும்பாலும் ஜன்னல்தான் மூடும், நிரல் உள்ளே உட்கார்ந்தே இருக்கும். அடுத்த வாரம் இன்னொரு புகார்: கல்யாண வீடியோ வைத்திருந்த வெளி டிஸ்க் கெட்டுப்போய்விட்டதாம். படம் எல்லாம் திறக்கிறது, புதிதாக ஒன்றை இழுத்துப் போட்டால் மட்டும் விழ மாட்டேன் என்கிறது. டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்தது. மேக் அதைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. இதை யாரும் எந்தப் பெட்டியிலும் அச்சடித்துக் கொடுப்பதில்லை. மச்சானுக்குக் கேட்க நான் இருந்தேன்.

கேட்க ஆள் இருப்பதுதான் அடுத்த காரணம். என் கணக்கில் பாதிக் காரணம் இதுவே. ஒருவர் எந்த இயங்குதளத்தில் இருக்கிறார் என்பதை, அவருக்குச் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவார் என்பதுதான் முடிவு செய்கிறது. பக்கத்து புளோக் பையன், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், சிம் லிம்மில் தெரிந்த கடை, வார இறுதியில் வந்துபோகும் மகன் எல்லாருக்கும் தெரிந்தது விண்டோஸ். லினக்ஸ் போட்டுவிட்டால் அப்பாவுக்குக் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம், அது நீங்கள். உங்களுக்கு இரவு வேலை வந்தால்? வெளிநாட்டுக்குப் போய்விட்டால்? அவர் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார். "எனக்கு இதுவே போதும்பா" என்பார். ஒவ்வொரு பிரிண்டர் கோளாறுக்கும் பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்குமே என்கிற கூச்சம் அதற்குள் இருக்கிறது.

ஒரே ஒரு நிரலுக்காக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் 2000களில் எழுதிய கணக்கு நிரல் ஒன்று இருக்கிறது, விண்டோஸில் மட்டும் ஓடும். அதை எழுதியவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் என்ற நிரல் 1993லிருந்து இருக்கிறது, பல நிரல்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். அவருடையதில் ரசீது அச்சிடும் இடத்தில் போய் நின்றது. வலோரண்ட் விளையாடும் பையன்கள் இன்னொரு வகை. அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் லினக்ஸில் ஓடாது, ஆகவே பேச்சே இல்லை.

பேராசிரியர்கள் இந்தத் தயக்கத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1988இல் சாமுவல்சன், செக்ஹவுசர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 'இருப்பதிலேயே இருந்துவிடும் சாய்வு' பற்றி எழுதிய கட்டுரையில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதித் தேர்வுகளைப் பார்த்தார்கள். புதிய திட்டங்கள் வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவற்றை அதிகமாக எடுத்தார்கள். பழைய ஊழியர்கள் பெரும்பாலும் பழைய திட்டத்திலேயே இருந்துவிட்டார்கள். அருமையான கவனிப்பு. ஆனால் அதைச் 'சாய்வு' என்று சொல்லும்போது தலையில் ஏதோ கோளாறு என்பது போல ஒலிக்கிறது. அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நட்டம் வந்தால் தாங்கப்போவது அப்பா, லாபம் வந்தால் 'சொன்னேனே' என்று மார்தட்டப்போவது மகன். அந்தக் கணக்கில் பார்த்தால் தயங்குவதுதான் சரியான விடை.

தனிமனிதர்கள்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகம் 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்து வருடம் பாடுபட்டு ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்பிப் போக முடிவெடுத்தது. அரசியல் காரணமும் இருந்தது, அதில்லாமல் இல்லை. ஆனால் அவர்களிடம் பொறியாளர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது. அப்பாவிடம் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

விண்டோஸுக்குள்ளேயே மாறுவதற்குக்கூட ஆட்கள் தயங்கியிருக்கிறார்கள். 2001இல் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் ஆதரவு நின்றபோது, உலகக் கணினிகளில் கால்வாசிக்கு மேல் இன்னும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன என்றன அப்போதைய கணக்குகள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். அப்போது நான் ஒரு பள்ளியில் கணினி உதவியாளராக இருந்தேன். "கணினியை எப்படி அணைப்பது?" என்ற ஒரே கேள்விக்காக ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாடி ஏறினேன் என்று கணக்கில்லை. ஓர் ஆசிரியை பேசாமல் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த வருடமே 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது.

சேர்த்துவைத்த சாமான் இல்லாதவர்களைப் பாருங்கள், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல வருடமாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் கணினி. இங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரிடமும் 2021லிருந்து ஆளுக்கொரு கற்றல் சாதனம் இருக்கிறது. சில பள்ளிகளில் ஐபேட், சிலவற்றில் குரோம்புக், சிலவற்றில் விண்டோஸ். என் மகள் பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாறி மாறிப் பயன்படுத்துகிறாள். "இது எந்த இயங்குதளம்?" என்று கேட்டால் "தெரியலையே, ஏன்?" என்கிறாள். அவள் வீட்டுப்பாடம் உலாவிக்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் காலம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. முன்பெல்லாம் சில இணையச் சேவைகள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தவிர வேறு உலாவியை உள்ளேயே விடாது. அந்த உலாவிக்கே 2022 ஜூனில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்று வருமான வரி, மத்திய சேம நிதி, வங்கி எல்லாம் எந்த நவீன உலாவியிலும் திறக்கும். அரசாங்கச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸில் நுழையக் கைப்பேசியை எடுத்துத் திரையில் இருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்தால் போதும், கணினியில் எது ஓடுகிறது என்று அது கவலைப்படுவதில்லை. தமிழும் இப்போது யூனிகோடு. ஆசிரியருக்கு நடந்தது புதிதாகத் தட்டுகிறவர்களுக்கு நடக்காது.

இனி உங்கள் அப்பாவுக்கு. முதலில், அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016இல் விற்றவை அதற்கு முந்தியவை. மெஷின் கெட்டுப்போகவில்லை, வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறது. இது தெரிந்தாலே மனிதருக்குப் பாதிக் கோபம் உங்கள் மேலிருந்து வேறு பக்கம் திரும்பிவிடும்.

அவசரமும் இல்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்கள் அதில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். பதிய மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை, இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். அந்த அவகாசத்தைச் சண்டை போடாமல் செலவழியுங்கள்.

இந்த நாள்களில் நான் செய்வது இதுதான். ஒரு வாரம் அவர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துவிடுவேன். கணினியில் எதைத் திறந்தாலும் ஒரு வரி எழுதச் சொல்வேன். பெரும்பாலும் பத்து வரிக்குமேல் வராது, ஆனால் அதில் இரண்டு வரி நீங்கள் கனவிலும் நினைக்காததாக இருக்கும். அப்புறம் விண்டோஸில் இருக்கும்போதே லினக்ஸிலும் ஓடும் நிரல்களைப் பழக்கிவிட வேண்டும்: வேர்டுக்குப் பதிலாக லிப்ரேஆஃபிஸ், உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ். வேர்டில் செய்த அட்டவணை லிப்ரேஆஃபிஸில் திறந்தால் கொஞ்சம் நகர்ந்து நிற்கும், அதை இப்போதே பார்த்துத் திட்டித் தீர்த்துக்கொள்ளட்டும். பழைய எழுத்துருக் கோப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் எழுத்துருக்கள் கையில் இருக்கும்போதே மாற்றி, சரியாக வந்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். லினக்ஸை முதலில் யூஎஸ்பியிலிருந்தே ஓடவிட்டுக் காட்டலாம், டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் விசைப்பலகை மூன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் போடுவதானால் புது டிஸ்கில் போடுங்கள். பழையதைக் கழற்றி, மேலே தேதி எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். நான் செய்ததில் சரியாக அமைந்த ஒரே காரியம் அதுதான். டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, மீட்புக் குறியெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க் வெறும் தகரம்.

நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகு, அவருக்குச் சரியான வழி ஒரு சாதாரண விண்டோஸ் 11 லேப்டாப்தான் என்று தெரிய வந்தால் அதையே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தோற்றுப்போனதாக நினைக்காமல். செங்காங் ஆசிரியர் கடைசியில் அப்படித்தான் ஆனார். மகள் புதிய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார், எழுத்துருக்களை நான் போய் ஏற்றிவிட்டு வந்தேன், தட்டச்சு விசைப்பலகையையும் மறக்கவில்லை. அன்றைக்கும் தோசைதான்.

மாற்றுகிற நாளை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். மாற்றிய மறுநாளும் நீங்கள் அவரோடு இருக்கக்கூடிய சனிக்கிழமையாக இருக்கட்டும். வரித்தாக்கல் மாதம் வேண்டாம். தீபாவளி வாரமும் வேண்டாம், அந்த வாரம்தான் அவர் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப பழைய படங்களைத் தேடுவார்.